ஒரே படத்துக்கு முழு மதிப்பெண்ணும் பூஜ்ஜியமும்: துணுக்குப் படங்களைப் பற்றிய கருத்துகளை எப்படிப் படிப்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் வசிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. தம் மாமாவின் வற்புறுத்தலால் அவர் 1977இல் வெளிவந்த 'தி கென்டக்கி ஃபிரைடு மூவி' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பார்த்திருக்கிறார். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்த அந்தப் படத்தில் தமக்கு நான்கைந்து இடங்களில்தான் சிரிப்பு வந்தது என்றும், இரண்டு இடங்களில் எழுந்து போய்விடலாமா என்றே தோன்றியது என்றும் எழுதியிருக்கிறார். பிறகு மற்றவர்களின் கருத்துகளைத் தேடிப் படித்தால், ஒருவர் இதற்கு இணையான நகைச்சுவையே கிடையாது என்கிறாராம், அடுத்தவர் குப்பை என்கிறாராம். யார் சொல்வது சரி, இது வெறும் தலைமுறை வேறுபாடுதானா, இப்படிப்பட்ட படத்துக்குச் சிரித்தால் தவறா என்று மூன்று கேள்விகளை அவர் முன்வைத்திருக்கிறார்.

தம்பி, முதல் கேள்விக்கான விடையிலேயே மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. அந்த இருவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசவில்லை. கதையும் தொடர்ச்சியும் இல்லாத இருபதுக்கு மேற்பட்ட துணுக்குகளை அடுத்தடுத்து ஒட்டிவைத்த படத்தில், ஒவ்வொருவரும் தமக்குப் பட்ட மூன்று நான்கு துணுக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டு முழுப் படத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். நம் நாடக விமர்சகர்கள் 'துணுக்குத் தோரணம்' என்று சொல்வார்களே, அந்தச் சொல் இதற்கு மிகவும் பொருந்தும். தோரணத்தில் ஓர் இலை வாடியிருக்கும், பக்கத்து இலை பச்சையாக இருக்கும். இரண்டுக்கும் சராசரி போட்டால் கிடைக்கும் நிறம் அந்தத் தோரணத்தில் எங்குமே இருக்காது.

இதை நான் ஏட்டிலிருந்து கற்கவில்லை. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சிறிய வீடியோக் கடை ஒன்றை நடத்தினேன். வாடகைக்குப் போய்த் திரும்பிவரும் கேசட்டுகளை வாடிக்கையாளர்கள் திருப்பிச் சுற்றித் தர வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தும் பாதிப் பேர் அப்படியே தந்துவிடுவார்கள். நான் கடையில் இருந்த பெட்டியில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுக்கில் வைப்பேன். எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது அப்போது தெரிந்துவிடும். அதைவிடத் தெளிவான சான்று ஒன்றும் உண்டு. வீடியோ நாடாவில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தாலும், அங்கே படத்தை நிறுத்தி நிறுத்தி வைத்தாலும், அந்த இடம் மட்டும் தேய்ந்து திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். சிவாஜி படங்களின் நாடா வருடக்கணக்கில் ஓடி முழு நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே சீராகப் பழுதாகும். துணுக்குப் படங்களின் நாடாவோ மூன்று நான்கு இடங்களில் மட்டும் கோடு விழுந்து, மற்ற இடங்களில் புதிது போலவே இருக்கும். எந்தத் துணுக்குக்கு ஊர் சிரித்தது, எதை ஒருவரும் சீண்டவில்லை என்பதை அந்தக் கோடுகள் காட்டின. சில துணுக்குகளின் நடுவில், யாரோ எழுந்துபோய்ப் பெட்டியை அணைத்த இடத்தில், நாடா நின்றிருக்கும். ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை என்று எழுதும் கருத்துகளில் இந்த விவரம் எதுவும் மிஞ்சுவதில்லை.

இனி, நீங்கள் பார்த்த படத்துக்கு வருவோம். அது எப்படி உருவானது என்று தெரிந்தால் அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருவது புரியும். ஜிம் ஆபிரகாம்ஸ், டேவிட் சக்கர், ஜெர்ரி சக்கர் ஆகிய மூவரும் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் சிறு நகைச்சுவை நாடகக் குழு ஒன்றைத் தொடங்கி, பிறகு அதை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோனவர்கள். மேடையில் ஓடிய துணுக்குகளைப் படமாக்க விரும்பியபோது பெரிய ஸ்டுடியோக்கள் கைகொடுக்கவில்லை. அதனால் சொந்தப் பணத்தில் பத்து நிமிட மாதிரி ஒன்றை எடுத்துத் திரையரங்கக்காரர்களிடம் காட்டி முதலீடு திரட்டினார்கள். இயக்கியவர் ஜான் லாண்டிஸ். மொத்தச் செலவு சுமார் 6,50,000 டாலர். வசூலோ அதைப்போலப் பல மடங்கு. இதே மூவர் 1980இல் 'ஏர்பிளேன்!' படத்தை எடுத்து உலகப் புகழ் பெற்றார்கள். லாண்டிசும் 1978இலேயே பெரிய வெற்றிப்படம் ஒன்றை இயக்கினார்.

பணம் குறைவு என்பதைப் பார்வையாளர்கள் தங்கள் கருத்துகளில் பெரும்பாலும் ஒரு சலுகையாகவே குறிப்பிடுகிறார்கள்: 'இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு செய்திருக்கிறார்களே' என்பார்கள். பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் குறைந்த செலவு படத்தின் உள்ளடக்கத்தையே வடிவமைக்கிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அரங்க அமைப்புக்குப் பணமில்லை என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு செய்தி வாசிப்பாளர் போதும் என்று எழுத வேண்டியிருக்கும். பெயர்பெற்ற நடிகரை ஓரிரு நாள்களுக்குமேல் அமர்த்த முடியாது. ஆகவே டொனால்ட் சதர்லாண்ட் போன்றவர்கள் வந்து ஒரு கணம் தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த நெருக்கடியில் நல்ல எழுத்து பிறக்கிறது. மறுபுறம், வெடிகுண்டுக் காட்சியும் கார்த் துரத்தலும் வாங்க இயலாதவர்களுக்குக் கூட்டத்தைக் கூட்டக் கிடைக்கும் மிக மலிவான சரக்கு அதிர்ச்சிதான். உடையில்லாத உடலும், வாயில் சொல்லக்கூடாத சொல்லும், பிற இனத்தாரின் உச்சரிப்பும் செலவில்லாமல் கிடைப்பவை. குறைந்த செலவுப் படங்களில் கூர்மையும் கொச்சையும் சேர்ந்தே வருவதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கூர்மைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சிரித்த நான்கைந்து இடங்களில் இது கட்டாயம் இருந்திருக்கும். ஒருவர் புதுமையான திரையரங்கு ஒன்றுக்குத் தனியாகப் போய் அமர்கிறார். திரையில் நடப்பதையெல்லாம் பார்வையாளர் உடலாலும் உணரலாம் என்பது விளம்பரம். படம் தொடங்கியதும் அரங்கின் பணியாளர் ஒருவர் அவருடைய இருக்கைக்குப் பின்னால் வந்து நிற்கிறார். திரையில் பெண் வாசனைத் திரவியம் பூசினால் பணியாளர் அவர் முகத்தருகே அதைப் பீய்ச்சுகிறார். திரையில் புகைத்தால் இவர் முகத்தில் புகை விடுகிறார். திரையில் காதலர்கள் தொட்டுக்கொண்டால் பணியாளரின் கை இவர்மேல் படர்கிறது. திரையில் அறை விழுந்தால் இவருக்கும் விழுகிறது. பணியாளரின் முகத்தில் கடைசிவரை கடமையைத் தவிர வேறு உணர்ச்சியே கிடையாது. இதற்குத் தேவைப்பட்டவை ஓர் இருக்கையும் இரண்டு நடிகர்களும். எந்த இனமும் மதமும் இதில் அடிபடவில்லை. அடிபடுவது தொழில்நுட்பத்தின் வாய்ச்சவடால் மட்டுமே. இருக்கை ஆடும், தண்ணீர் தெளிக்கும் என்றெல்லாம் சொல்லி அதிகக் கட்டணம் வாங்கும் அரங்குகளை இன்று நாம் பார்த்துவிட்டதால், இந்தத் துணுக்கு எழுதப்பட்ட காலத்தைவிட இப்போது இன்னும் பொருந்துகிறது.

இதே படத்தில் பாதிக்கு மேற்பட்ட துணுக்குகள் எங்கள் வாடிக்கையாளர்களிடம் எடுபடவே இல்லை. அதற்குக் காரணம் தலைமுறையும் இல்லை, நாகரிகமும் இல்லை. அவை அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் பள்ளிகளில் காட்டப்படும் அறிவியல் குறும்படங்களையும் நையாண்டி செய்பவை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5ஆம் தேதிதான். அதில் விளம்பரம் வந்தது 1978இல். அதாவது இந்தப் படம் வெளியான ஆண்டில் இந்நாட்டுத் தொலைக்காட்சியில் விளம்பரம் என்ற ஒன்றே கிடையாது. மூலத்தைப் பார்த்தே பழகாதவரிடம் அதன் நையாண்டியைக் காட்டினால் அவர் எதற்குச் சிரிப்பார்? என் கடைக்கு வந்தவர்கள் துத்தநாக ஆக்சைடு இல்லாத உலகத்தில் ஓர் இல்லத்தரசியின் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக மறையும் துணுக்கைப் புரியாமல் ஓட்டிவிட்டு, புரூஸ் லீ படத்தை நையாண்டி செய்யும் நீண்ட பகுதியை மட்டும் பார்த்தார்கள். புரூஸ் லீயை அவர்களுக்குத் தெரியும். டர்பனில் கிரே ஸ்ட்ரீட் வட்டாரத்தின் ஷாஜகான், அவலான் போன்ற அரங்குகளில் இந்தியப் படங்களோடு சண்டைப் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். உங்கள் மாமாவும் அப்படிப்பட்டவராக இருக்கக்கூடும். ஆகவே பழைய துணுக்குப் படத்தைப் பற்றி ஒருவர் 'சிரிப்பே வரவில்லை' என்று எழுதினால், அது சுவைக்குறைவா, அல்லது மூலம் தெரியாததால் வந்த இடைவெளியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த நீண்ட பகுதியிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. படத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீளும் அது, சண்டைப் படங்களின் அசட்டு மரபுகளைக் கேலி செய்யும் வரையில் மிக நேர்த்தியானது. வில்லனாக வருபவர் போங் சூ ஹான், ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் உண்மையான ஆசான். அவர் தம் கலையில் ஒரு துளியும் குறைவைக்காமல் நடிப்பதால்தான் சுற்றியுள்ள அபத்தம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஆசிய நாயகனின் பேச்சும் உச்சரிப்பும் திரும்பத் திரும்பச் சிரிப்புக்குத் தரப்படுகின்றன. ஒரே பகுதிக்குள் ஒரு நகைச்சுவை படமரபைக் குத்துகிறது, இன்னொன்று மனிதனைக் குத்துகிறது.

நீங்கள் எழுந்துபோக நினைத்த இரண்டு இடங்களில் ஒன்று எது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஆபத்தைத் தேடிப்போகும் சாகச வீரன் என்று ஒருவனை அறிமுகப்படுத்துகிறார்கள். தலைக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்த அந்த வெள்ளையன், தயார் செய்துகொண்டு, சந்தில் கூடி நிற்கும் கறுப்பின இளைஞர்களின் நடுவில் போய் நின்று, அவர்களை இழிக்கும் மிகக் கொடிய வசைச்சொல்லை உரக்கக் கத்திவிட்டு ஓடுகிறான். அவர்கள் துரத்துகிறார்கள். துணுக்கு அவ்வளவுதான். இதை ஆதரிப்பவர்கள், அடி வாங்குவது அந்த வெள்ளையனின் முட்டாள்தனம்தானே, அந்தச் சொல்லைச் சொல்வது உயிரைப் பணயம் வைக்கும் செயல் என்றுதானே படம் சொல்கிறது என்று வாதிடுகிறார்கள். இந்த வாதம் வெறும் சாக்கு அன்று, அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தில் நிற்கும் இளைஞர்களுக்கு அந்தத் துணுக்கில் பெயர் இல்லை, பேச்சில்லை, துரத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை. பாறையும் நெருப்பு வளையமும் சாகசக் காட்சியில் எதற்கு நிற்குமோ அதற்கு அவர்கள் நிற்கிறார்கள். சொல்லைக் கேட்ட முகம் எப்படி மாறியது என்பதைக் காட்டப் படக்கருவி அவர்கள் பக்கம் திரும்பியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தை எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருந்ததா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

இப்படி நான் சொல்வதற்கு என் வீட்டில் நடந்த ஒன்றும் காரணம். 1980களின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, துணுக்கு நகைச்சுவை கேசட் ஒன்றைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா, டர்பன் நகரசபையில் கூலித் தொழிலாளியாக வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வுபெற்றவர், சிரிக்கத் தெரிந்த மனிதர். ஒரு துணுக்கில் வெள்ளை நடிகர் ஒருவர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு இந்தியக் கடைக்காரராக வந்து தலையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். 'நம்ம முதலாளி ஒருத்தர் இப்படியேதான் பேசுவார்' என்று பெயர் சொல்லியும் காட்டினார். அடுத்து வாடிக்கையாளராக வந்தவர் அந்தக் கடைக்காரரைச் 'சாமி' என்று அழைத்தார். அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். முகம் சுளிக்கவில்லை, ஏதும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வராமல் படுக்கப் போய்விட்டார்.

இந்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழகத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தனர். முனுசாமி, கோவிந்தசாமி, ரங்கசாமி என்று முடிந்த பெயர்களைக் கேட்ட வெள்ளையர், இந்திய ஆண்கள் எல்லாரையும் 'சாமி' என்றே கூப்பிடத் தொடங்கினர். கூலி என்றால் தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். இங்கே அதுவும் மனிதனைத் தாழ்த்தும் வசைச்சொல்லாயிற்று. அப்பாவுக்குப் பெற்றோர் இட்ட நல்ல பெயர் ஒன்று இருந்தது. வேலையிடத்தில் அவரை அந்தப் பெயரால் அழைத்த மேலதிகாரி ஒருவரும் இல்லை என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைக்காரரின் தலையாட்டலுக்கு அப்பா சிரித்தது, அதில் தமக்குத் தெரிந்த ஒருவரைக் கண்டதால். அந்த ஒரு சொல்லில் அவர் தம்மையே கண்டார். ஒரே மனிதர், ஒரே துணுக்கு, அரை நிமிட இடைவெளி. அவரிடம் இந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

அதே சொல்லை வைத்து நம்மவர்கள் செய்த நகைச்சுவையும் உண்டு. காந்தி தம் தன்வரலாற்றில் இதைக் குறிப்பிடுகிறார். சாமி என்பது தலைவனைக் குறிக்கும் சொல் என்று அறிந்த இந்தியர் சிலர், தங்களை அப்படி அழைத்த வெள்ளையரிடம், 'நீங்கள் என்னைச் சாமி என்கிறீர்கள், அப்படியென்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே' என்று பதில் சொல்வார்களாம். சொல் ஒன்றே, ஆனால் சிரிப்பு கீழிருந்து மேலே போகிறது. நம் முன்னோர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்தை இங்கே ஆறடிக் கூத்து என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைப்பார்கள். கூத்தில் வரும் கட்டியங்காரனுக்கு அரசனையும் கேலி செய்ய உரிமை உண்டு, பார்க்க வந்த ஊர்ப் பெரியவரையும் விட்டுவைக்கமாட்டான். கொச்சையும் அவன் வாயில் தாராளமாக வரும். அந்தக் கொச்சையால் கூத்து தாழ்ந்துவிட்டதாக ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே நாகரிக எல்லையை மீறுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். மீறுபவன் எங்கே நின்றுகொண்டு மீறுகிறான், கல் யார்மேல் விழுகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த நோக்கில் நம் நாட்டின் சொந்த உதாரணம் லியோன் ஷூஸ்டர். 1986இல் வந்த 'யூ மஸ்ட் பி ஜோக்கிங்!' தொடங்கிப் பல ஆண்டுகள், மறைத்துவைத்த படக்கருவியால் தெருவில் போகிறவர்களை ஏமாற்றிச் சிரிக்கவைக்கும் துணுக்குகளால் படம் எடுத்தவர். 2001இன் 'மிஸ்டர் போன்ஸ்', 2005இன் 'மாமா ஜாக்' ஆகியவை கதைப் படங்கள் என்றாலும் அவற்றின் உயிரும் துணுக்குகளில்தான் இருந்தது. முகத்தில் சாயம் பூசிக் கறுப்பினத்தவராக நடிப்பது அவருடைய வாடிக்கையான உத்தி. என் கடையில் அவருடைய கேசட்டுகள் அடுக்கில் தங்கியதே இல்லை. எடுத்துப் போனவர்களில் இந்தியரும் கறுப்பினத்தவரும் நிறையப் பேர். 2020 ஜூன் மாதத்தில், இணையவழிப் படங்களைக் காட்டும் ஷோமேக்ஸ் நிறுவனம் அவருடைய படங்கள் சிலவற்றைத் தன் சேவையிலிருந்து நீக்கியபோது, எல்லாரும் சிரித்த படத்தை இன்று தடுப்பது என்ன நியாயம் என்று ஒரு சாராரும், அப்போதே நாங்கள் சிரிக்கவில்லை, எங்களை யாரும் கேட்கவில்லை என்று மற்றொரு சாராரும் பேசினார்கள். இரண்டாமவரின் சொல்லை நான் முழுமையாக நம்புகிறேன். வாடகைக்கு எடுத்தவர்களைத்தான் நான் கண்டேன். எடுக்காமல் போனவர்கள் என் கணக்கில் வரவே இல்லை. எந்தப் படத்தின் கருத்துத் தொகுப்பிலும் இந்தக் குறை உண்டு.

படத்தை நீக்கிவிடுவதை விரும்புகிறவன் அல்லன் நான். இனவெறி ஆட்சிக் காலத்தில் தணிக்கை என்ற பெயரில் இன்னின்ன இனத்தார் இந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது என்று நிபந்தனை விதித்த நாடு இது. அந்த நிழல் என் தலைமுறையை விட்டுப் போகாது. இப்போது திரைப்பட, வெளியீட்டு வாரியம் படங்களுக்கு வயது வரம்போடு எச்சரிக்கை எழுத்துகளையும் இடுகிறது. வன்முறை, நிர்வாணம், தகாத சொற்கள் ஆகியவற்றுக்கு உள்ளதுபோல் இன, மத, பால் பாரபட்சத்துக்கும் தனியாக 'பி' என்ற எழுத்து உண்டு. இது நல்ல ஏற்பாடு. பார்ப்பவரைத் தடுக்காமல், கதவருகே நின்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறது. சட்டத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு கருத்துரிமையைத் தந்து, போர்ப் பரப்புரை, உடனடி வன்முறைக்கான தூண்டல் ஆகியவற்றோடு, தீங்கு விளைவிக்கத் தூண்டும் வெறுப்புப் பரப்பலையும் அதிலிருந்து விலக்குகிறது. சமத்துவச் சட்டத்தின் வெறுப்புப் பேச்சு வரையறையில் இருந்த 'மனத்தைப் புண்படுத்தும்' என்ற சொல் மிகத் தெளிவற்றது என்று 2021இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புண்படுவது பற்றிய கணக்கை நீதிமன்றம் நம்மிடமே விட்டிருக்கிறது. அதனால்தான் பார்வையாளர்களாகிய நாம் எழுதும் கருத்துகள் பொறுப்போடு இருக்க வேண்டியிருக்கிறது.

பணமும் நட்சத்திரங்களும் இருந்தால் இந்த வகைப் படம் தப்பிக்கும் என்று எண்ணுபவர்களுக்கு 2013இன் 'மூவி 43' போதும். ஹியூ ஜாக்மேனும் கேட் வின்ஸ்லெட்டும் நடித்தும், அதற்குக் கிடைத்தது அந்த ஆண்டின் மிக மோசமான படத்துக்கான கோல்டன் ராஸ்பெரி. அதிர்ச்சி மட்டும் இருந்து, எதை நையாண்டி செய்கிறோம் என்ற குறி இல்லாவிட்டால் நடிகரால் ஒன்றும் ஆகாது.

தமிழ்ப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடும் காமெடி ட்ராக்குகள் நம் படங்களில் பல பத்தாண்டுகள் இருந்தன. அவற்றை மட்டும் தொகுத்து விற்ற கேசட்டுகள் என் கடையிலும் இருந்தன. அவையும் துணுக்குப் படங்களே. கறுத்த நிறத்தையும், வழுக்கைத் தலையையும், பருத்த உடம்பையும், திக்கிப் பேசுவதையும் அவற்றில் எத்தனை முறை கேலி செய்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்கப் படத்தில் ஒரு சொல்லுக்குக் கொதித்துப்போன நாம், நம் வீட்டுக் கல்யாணங்களில் அந்த வசனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என் தங்கை கறுப்பு நிறம். அந்த வசனங்கள் ஓடும்போது அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நான் அந்நாளில் ஒரு தடவையும் கவனிக்கவில்லை. இது எனக்கு இன்றுவரை வருத்தம் தரும் விஷயம்.

சிரித்தால் தவறா என்று கேட்டீர்கள். சிரிப்பு யோசித்து வருவதில்லை. அது வந்துவிட்ட பிறகுதான் நமக்கே தெரிகிறது. அதற்காக உங்களை நீங்கள் குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டாம், மாமாவையும் ஆக்க வேண்டாம். வந்த சிரிப்பு எதற்கு வந்தது என்று பிறகு ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பார்வையாளர் கருத்துகளைப் படிக்கும்போதும் இதையே அளவுகோலாக வையுங்கள். 'அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் தைரியமாக எடுத்தார்கள், இன்று எடுக்க முடியுமா' என்று மட்டும் எழுதுகிறவர் தம் இளமையைப் பற்றி எழுதுகிறார், படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'இது இனவெறி, பார்க்காதீர்கள்' என்று ஒரே வரியில் முடிப்பவர் எந்தத் துணுக்கைச் சொல்கிறார் என்று தெரியாதவரையில் அவருடைய கோபத்தையும் நாம் எடைபோட முடியாது. இன்ன துணுக்கில் இந்த இடத்தில் சிரித்தேன், இன்னதில் நிறுத்திவிட்டேன், காரணம் இது என்று எழுதுகிறவர் ஒருவர் கிடைத்தாலும் போதும். அவர் உங்களோடு முற்றிலும் மாறுபட்டாலும் அவருடைய கருத்து பயன்படும்.

வயதைப் பற்றிய கேள்வி மட்டும் மீதியிருக்கிறது. வயது ஒரு பங்குதான். என் அப்பா 1980களில் நிறுத்திய இடத்தில் நீங்களும் இன்று நிறுத்துவீர்கள் என்று நினைக்கிறேன், இடையில் இரண்டு தலைமுறை ஓடிவிட்டபோதும். உங்கள் மாமாவோடு அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். முழுவதும் வேண்டாம். திரையரங்கத் துணுக்கை முதலில் போடுங்கள், இருவரும் சேர்ந்து சிரிக்கலாம். பிறகு அந்தச் சந்துத் துணுக்கைப் போட்டு, துரத்தத் தொடங்கும் முன் நிறுத்தி, வேலையிடத்தில் அவரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்பினால் படத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.